‘ஹைப்போ’ என்றால் ‘குறைவு’ அன்று

சற்று நீண்ட பதிவு. அறிவியல் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்போர், கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்டிருப்போர், என் துறையாகிய மொழியியலைச் சேர்ந்தோர் ஆகிய மூன்று தரப்பினரும் பொறுமையோடு வாசிக்க வேண்டுகிறேன். மூன்று தரப்பினரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் ஆய்வு செய்துவரும் இந்த ஹைதராபாத்தில், முதலாண்டு அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கென ஒரு கல்வி நிறுவனம் நடத்திய ‘கல்விசார் ஆங்கிலம்’ வகுப்பில் சென்ற பருவத்தில் சில வாரங்கள் உதவியாளராக இருந்தேன். ஒருநாள் முன்னொட்டுகள் பற்றிய பாடம். இரண்டு பக்கத் தாள் ஒன்று எல்லோருக்கும் தரப்பட்டது. இடப்பக்கம் கிரேக்க, இலத்தீன் முன்னொட்டுகள். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல். போட்டித்தேர்வுப் பயிற்சி மையங்களில் காலங்காலமாகச் சுற்றிவரும் பட்டியலின் நகல்தான் அது. அதில் ஹைப்போவுக்கு நேரே ‘குறைவு’ என்றும் ஹைப்பருக்கு நேரே ‘மிகுதி’ என்றும் பொருள்பட அச்சாகியிருந்தது.

ஒடிசாவிலிருந்து வந்திருந்த, ஒடியா வழியில் பள்ளிக்கல்வி முடித்த மாணவர் ஒருவர் எழுந்து கேட்டார்: “அப்படியானால் ஹைப்பாதிசிஸ் என்பது குறைந்த தீசிஸா?”

வகுப்பு சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, “அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்” என்றார். மாணவர் இந்தியில் ஏதோ விளக்க முற்பட்டார். “இங்கே ஆங்கிலம் மட்டும்” என்று பதில் வந்தது. அவர் அமர்ந்துவிட்டார். அந்தப் பருவம் முடியும்வரை அவர் வேறு கேள்வி எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அன்று அவ்வறையில் எழுந்தவற்றுள் மிகச் சரியான கேள்வி அது. மாணவர் தம்மிடம் கொடுக்கப்பட்ட விதியைப் புதிய தரவின்மீது செலுத்திப் பார்த்தார், விதி உடைந்தது, உடைந்ததை உரக்கச் சொன்னார். ஆய்வு மாணவர் செய்ய வேண்டியது இதைத்தானே? விதியை மாற்றியிருக்க வேண்டிய இடத்தில் நாம் தரவை விதிவிலக்கு என்று ஒதுக்கினோம். நானும் அங்கேதான் இருந்தேன்; வாய் திறக்கவில்லை. இப்பதிவில் ஒரு பங்கு அந்த மௌனத்திற்கான கழுவாய்.

அந்தத் தாளில் இருந்த பிழையை முதலில் பார்ப்போம். கிரேக்கத்தில் ஹைப்போ என்பது ‘கீழ்’, ‘அடியில்’ என்னும் இடப்பொருள் உணர்த்தும் முன்னிடைச் சொல். ஹைப்பர் என்பது ‘மேல்’, ‘கடந்து’. ‘குறைவு’, ‘மிகுதி’ ஆகியவை இந்த இடப்பொருளிலிருந்து கிளைத்தவை. ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, அதில் இயல்பு நிலைக்கு ஒரு கோடு கிழித்து, அக்கோட்டுக்குக் கீழே இருப்பதைக் ‘குறைவு’ என்று கொள்ளும்போதுதான் அளவுப்பொருள் பிறக்கிறது. ஆகவே இம்முன்னொட்டைக் கண்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி ‘குறைவா, மிகுதியா?’ என்பதன்று. ‘எதற்குக் கீழே?’ என்பதே.

இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சொற்களைப் பாருங்கள். ஹைப்பாதிசிஸ்: வாதத்திற்கு அடியில் வைக்கப்படுவது, அதாவது அடித்தளமாக இடப்பட்டது. கட்டடம் அதன்மேல் எழுகிறது. தளம் தாங்குகிறதா என்று பிறகு சோதிக்கிறோம். ஹைப்பாட்டெனியூஸ்: செங்கோணத்திற்கு அடியில், அதற்கு எதிராக நீண்டு கிடக்கும் பக்கம்; நாம் கர்ணம் என்கிறோமே, அதுதான். ஹைப்போடெர்மிக் ஊசி: தோலுக்கு அடியில் செலுத்துவது. ஹைப்போதலாமஸ்: மூளையில் தலாமசுக்குக் கீழே அமைந்த பகுதி. ‘குறைந்த தலாமஸ்’ என்று எவரும் சொல்லமாட்டார்கள் என நினைப்பீர்கள். பயிற்சி மையப் பட்டியலை நம்பியவர் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஹைப்போகாண்ட்ரியா இன்னும் சுவையானது. காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு. விலாவின் குருத்தெலும்புக்குக் கீழுள்ள வயிற்றுப்பகுதிக்கு அது பெயர். மனச்சோர்வும் காரணமற்ற நோயச்சமும் அங்கிருந்தே எழுகின்றன என்று பழைய மருத்துவம் நம்பியதால் நோயச்சத்துக்கே அப்பெயர் வந்துவிட்டது. அந்த நம்பிக்கை போய்விட்டது. உறுப்பமைப்பியல் மாணவர்களோ கல்லீரல் இருக்கும் இடத்தை இன்றும் வலது ஹைப்போகாண்ட்ரியம் என்றே படிக்கிறார்கள்.

வேதியியலுக்கு வாருங்கள். 2020இல் நாடெங்கும் தெருத்தெருவாகத் தெளித்தார்களே, சோடியம் ஹைப்போகுளோரைட், அதில் எது எதற்குக் கீழே? குளோரினோடு ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்தால் ஹைப்போகுளோரைட். இரண்டு சேர்ந்தால் குளோரைட். மூன்று சேர்ந்தால் குளோரேட். நான்கு சேர்ந்தால் பெர்குளோரேட். இது ஓர் ஏணி. ஹைப்போகுளோரைட் என்பது குளோரைட் என்னும் படிக்கு ஒரு படி கீழே. குளோரின் இங்கே குறையவில்லை. ஆக்சிஜனின் படிதான் இறங்கியிருக்கிறது. ‘குறைவு’ என்று மட்டும் கற்றவர் எது குறைந்தது என்று தேடித் தடுமாறுவார். ‘எதற்குக் கீழே?’ என்று கேட்கப் பழகியவர் ஏணியைக் கண்டுகொள்வார்.

பள்ளி ஆய்வகத்தில் நாம் ‘ஹைப்போ’ என்று அழைக்கும் கரைசலை மட்டும் இந்தக் கேள்வியால் திறக்க முடியாது. அது சோடியம் தயோசல்பேட். ஒருகாலத்தில் அதை ஹைப்போசல்பைட் என்றார்கள். ஜான் ஹெர்ஷல் 1819இல் அது வெள்ளி உப்புகளைக் கரைப்பதைக் கண்டறிந்தார். பின்னர் ஒளிப்படக் கலைஞர்கள் அதைப் பெருமளவில் பயன்படுத்தி, பெயரை ‘ஹைப்போ’ என்று நறுக்கிக்கொண்டார்கள். வேதியியலார் பெயரைத் திருத்திய பின்னும் நறுக்கிய பெயர் மாறவில்லை. தலையில்லாமல் தொப்பி மட்டும் மிஞ்சியிருப்பதைப் போன்றது. இத்தகையவற்றை விதிவிலக்கு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஹிப்போக்ரிட் என்னும் சொல்லையும் இதிலே சேர்க்கலாம். கிரேக்கத்தில் அது மேடை நடிகரைக் குறித்தது. அதில் ‘கீழ்’ என்னும் பொருளை இன்று துழாவி எடுப்பதில் பயனில்லை. உண்மையான விதிவிலக்குகள் இருக்கின்றன. ஹைப்பாதிசிஸ் அவற்றுள் ஒன்றன்று.

இனி என் துறையினரிடம் வருகிறேன்.

“சொற்பிறப்பு பொருளாகாது” என்பது மொழியியல் மாணவர் முதல் பருவத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளும் பாடம். ‘நாற்றம்’ ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்பதற்காக இன்று மல்லிகையின் நாற்றம் என்று எழுத முடியாது. சரி. இந்தப் பாடத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, “முன்னொட்டின் கிரேக்கப் பொருளைக் கற்பிப்பதே பழம்பொருள் சேகரிப்பு, சூழலிலிருந்து மாணவர்கள் பொருளைப் பெற்றுக்கொள்வார்கள்” என்று கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் சொல்வோரை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இது சோம்பல் என்பது என் கருத்து. ‘நாற்றம்’ உறைந்துபோன ஒரு தனிச்சொல். அறிவியல் ஆங்கிலத்தில் ஹைப்போ, ஹைப்பர் ஆகியவையோ இன்றும் உயிருள்ள ஆக்க ஒட்டுகள். ஒரு புதிய நிலையைக் கண்டறிந்தவர் நாளையே அவற்றை ஒட்டிப் புதுச்சொல் படைக்கலாம், படைக்கிறார்கள். இங்கே பேசப்படுவது வரலாறு அன்று, சமகால உருபனியல். சமகால உருபனியலைக் கற்பிக்க வேண்டாம் என்று உருபனியலாளர்களே சொல்வது விந்தை.

நம் சொந்த வீட்டின் நிலையையும் பாருங்கள். பொருண்மையியலில் ஹைப்போனிம் என்கிறோம்: ‘பூ’ என்பதன்கீழ் ‘மல்லிகை’. அதற்கு எதிர்ச்சொல்லாகப் பெரும்பாலான பாடநூல்களிலும் கணினி அகராதிகளிலும் காண்பது ஹைப்பர்னிம். ‘பெயர்’ என்று பொருள்படும் பகுதி ‘ஓனிம்’. சினானிம், ஆன்டோனிம் எல்லாவற்றிலும் அதுவே. ஆகவே ஹைப்போவின் இறுதி உயிர் கெட்டு ஹைப்+ஓனிம் என்றானது. அதே கணக்கில் மற்றது ஹைப்பர்+ஓனிம், அதாவது ஹைப்பரோனிம் என்றிருக்க வேண்டும். யாரோ ஹைப்போ+னிம் என்று தவறாகப் பிரித்து, ‘னிம்’ என்றொரு இல்லாத உறுப்பை உண்டாக்கி, அதை ஹைப்பரோடு ஒட்டிவிட்டார்கள். இப்போது அது நிலைபெற்ற சொல், மாற்றச் சொல்லவில்லை. முன்னொட்டு எங்கே முடிகிறது என்பதில் மொழியியலே வழுக்கியிருக்கும்போது, முதல் தலைமுறை மாணவர் ‘சூழலிலிருந்து’ பெற்றுக்கொள்வார் என்று எந்த முகத்தோடு சொல்கிறோம்?

சூழலை நம்பி நானே வழுக்கிய கதை ஒன்று உண்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து என் அத்தை தொலைபேசியில் அழைத்தார்.

“ஏட்டி, எனக்குத் தைராய்டு கூடுதலா இருக்காம். ரிப்போர்ட்லயும் ஹைன்னு போட்டிருக்கு. டாக்டரும் ஹைன்னுதான் என்னமோ சொன்னாரு.”

ஹைப்பர்தைராய்டு என்று முடிவுகட்டிக்கொண்டு, “ஒடம்பு மெலியும் அத்தை, படபடப்பு வரும், பயப்படாதீங்க” என்று படித்தவளின் தோரணையில் நான் விளக்கத் தொடங்கினேன்.

“நான் எங்கட்டி மெலிஞ்சேன்? ஊதிக்கிட்டுல்லா போறேன்.”

அறிக்கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். டி.எஸ்.எச். என்பதற்கு நேரே ‘ஹை’ என்று அச்சாகியிருந்தது. நோயின் பெயரோ ஹைப்போதைராய்டிசம். நேர்மாறானது.

இதில் இரண்டு கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னியிருக்கின்றன. முதலாவது செவிக்கானது. ‘ஹைப்போ’ என்பதன் முதல் அசை ‘ஹை’. ‘ஹை பிபி’, ‘ஹை சுகர்’ என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய செவிக்கு அந்த அசை சொல்வது ‘உயர்வு’ என்பதையே. தாழ்வைக் குறிக்க வந்த முன்னொட்டு, உயர்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியோடு தொடங்குகிறது! அடுத்த அசை வருமுன் மனம் முடிவெடுத்துவிடுகிறது. இரண்டாவது கண்ணி கருத்துக்கானது. டி.எஸ்.எச். என்பது தைராய்டுச் சுரப்பி சுரப்பதன்று; அச்சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் ஆணை. சுரப்பி மந்தமானால் ஆணை உரக்கிறது. எனவே ஆணை ‘ஹை’, சுரப்பு ‘ஹைப்போ’. இரண்டும் ஒரே தாளில், ஒரே நோயைப் பற்றி, முரணின்றி நிற்கின்றன. ‘எதற்குக் கீழே?’ என்ற கேள்வியை நான் கேட்டிருந்தால், சுரப்பியின் இயல்பான வேலைக்குக் கீழே என்று விடை வந்திருக்கும். ‘குறைவு–மிகுதி’ என்ற இருமையோடு நின்றதால் தாளில் கண்ட ‘ஹை’யோடு முன்னொட்டை முடிச்சுப்போட்டேன். முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் மொழியியல் மாணவி, அத்தையின் உடம்பு ஊதுவதை வைத்துத் திருத்தப்பட்டாள்.

இது வீட்டுக்குள் நடந்ததால் சிரித்துக் கடந்தோம். எங்கும் அப்படிக் கடக்க முடியாது. இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்குத் தேவை சர்க்கரை. உயர்ந்தவருக்குப் பெரும்பாலும் இன்சுலின். தாழ்ந்தவருக்கு இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. பொட்டாசியம் தாழ்ந்தால் ஹைப்போகலீமியா, உயர்ந்தால் ஹைப்பர்கலீமியா. உயர்ந்திருப்பவருக்கு மேலும் பொட்டாசியம் ஏற்றினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். எழுத்தில் ஓரிரு எழுத்து வேறுபாடு. பேச்சில் அதைவிடக் குறைவு. பிரித்தானிய உச்சரிப்பில் ஹைப்பரின் இறுதி ரகரம் ஒலிப்பதில்லை. அழுத்தமோ முன்னொட்டில் விழாமல் பின்வரும் சொல்லில் விழுகிறது. எஞ்சுவது அழுத்தமற்ற ஓர் உயிரின் சாயல் வேறுபாடு. இரைச்சல் மிகுந்த அரசு மருத்துவமனைப் பிரிவொன்றில், முகக்கவசத்தின் வழியாக, தெலுங்கர் சொல்வதைத் தமிழரோ மலையாளியோ கேட்டுக் குறிப்பெடுக்கும்போது அந்தச் சாயல் எவ்வளவு தாங்கும்?

சூடு–குளிர், மேல்–கீழ் போன்ற எதிர்ச்சொற்கள் ஒலியில் விலகி நிற்பது கேட்பவர்க்கு வசதி. இந்த இணை மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. உறுப்புகளின் அசைவைக் குறிக்கும் அப்டக்ஷன், அடக்ஷன் என்னும் இலத்தீன் இணையிலும் இதே சிக்கல். அதனால் பல மருத்துவ ஆசிரியர்கள் முன்னொட்டின் எழுத்துகளைத் தனித்தனியே உச்சரித்து ‘ஏ-பி-டக்ஷன்’, ‘ஏ-டி-டக்ஷன்’ என்று சொல்லித் தருகிறார்கள். சிக்கலை ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது. நம் ஆங்கில வகுப்புகள் சிக்கல் இருப்பதாகவே ஒப்புக்கொள்வதில்லை.

அன்றைய வகுப்பில் “ஆங்கிலம் மட்டும்” என்று சொன்னார்களே, அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. ஏனெனில் அந்த ஒடியா மாணவர் விடையைத் தம் வாயிலேயே வைத்திருந்தார். கிரேக்கத்தின் ஹைப்போவும் சமஸ்கிருதத்தின் ‘உப’வும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. ஹைப்பரும் ‘உபரி’யும் அவ்வாறே. இலத்தீனின் சப், சூப்பர் ஆகியவையும் ஆங்கிலத்தின் அப், ஓவர் ஆகியவையும் இந்த இரு குடும்பங்களில் அடங்கும். இந்தியில் ‘மேலே’ என்பதற்கு எல்லோரும் சொல்லும் ‘ஊப்பர்’ இந்த ‘உபரி’யின் வழிவந்ததுதான். ஹைப்பர்–ஊப்பர். ஒலியும் பொருளும் கையெட்டும் தொலைவில் நிற்கின்றன. ‘உபராஷ்டிரபதி’ என்றால் ‘குறைந்த குடியரசுத் தலைவர்’ என்று இந்தியாவில் எவரும் பொருள்கொள்வதில்லை. குடியரசுத் தலைவர் பதவிக்கு அடுத்த கீழ்ப்படியில் இருப்பவர் என்றே கொள்கிறார்கள். அந்த உள்ளுணர்வுதான் ஹைப்பாதிசிசுக்கும் ஹைப்போகுளோரைட்டுக்கும் வேண்டியது. தமிழிலும் நமக்கு இவ்விரண்டும் கடன்சொற்களாக இருக்கின்றன. உபகதை என்கிறோம்; அணை நிரம்பினால் உபரிநீர் திறக்கிறோம். கொள்ளளவுக் கோட்டுக்கு மேலே வந்த நீர். ஹைப்பர் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எந்த ஆங்கிலப் பயிற்சி நூலில் இருக்கிறது?

ஓர் எச்சரிக்கை, என் துறையினர் திருத்த வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஹைப்பர்–சூப்பர் இணையைக் கண்டதும், ஹெப்டா–செப்டம் போலக் கிரேக்க ஹகரமும் இலத்தீன் சகரமும் மாறும் ஒழுங்கு என்று துள்ள வேண்டாம். கிரேக்கத்தில் சொல்முதல் உகரம் எப்போதும் மூச்சொலி பெறும். ஹைப்பரின் ஹகரம் அப்படி வந்தது. இலத்தீனின் சகரம் வேறொரு முன்னொட்டின் எச்சம் என்பதே பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். அதேபோல் ஆங்கிலத்தின் ‘அப்’ ஹைப்போவின் உறவாக இருந்தும் ‘மேலே’ என்றாகிவிட்டது. அடியிலிருந்து மேல்நோக்கி என்ற வழியில் பொருள் திரும்பியது. உறவுமுறை நினைவில் நிறுத்த உதவும் கொக்கி. தீர்ப்பு வழங்கும் நீதிபதி அன்று. சூப்பரும் ஹைப்பரும் பிறப்பால் ஒன்றுதான். ஆனால் வானூர்தியியலில் ஒலியின் வேகத்தைக் கடந்தால் சூப்பர்சானிக், அதன் ஐந்து மடங்கைக் கடந்தால்தான் ஹைப்பர்சானிக். படிகளை வகுத்தது துறை. கிரேக்கரோ உரோமரோ அல்லர்.

மூன்றாவதாக, தமிழ்க் கலைச்சொல் நண்பர்கள். உங்களைப் பாராட்டிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன். ஹைப்போடெர்மிக் என்பதைத் ‘தோலடி’ என்றீர்கள். ஹைப்போ வரும் நோய்ப்பெயர்களுக்குக் ‘குறை’ என்றீர்கள். ஓர் இடத்தில் ‘அடி’, மற்றோர் இடத்தில் ‘குறை’. இந்தியிலும் இப்படியே: ஹைப்போதலாமசுக்கு ‘அதஸ்’ என்று இடப்பொருள் தரும் முன்னொட்டைச் சேர்த்தார்கள், சுரப்புக் குறைபாட்டுக்கு ‘அல்ப’ என்றார்கள். கிரேக்க முன்னொட்டின் இரு பொருள்களையும் பிரித்துப் பார்க்கும் பகுப்பாய்வை மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். ஆங்கில வகுப்பின் இரண்டு பக்கத் தாளுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை. மேலும் ‘குறை–மிகை’, ‘தாழ்–உயர்’ ஆகிய இணைகள் செவியில் ஒன்றையொன்று ஒருபோதும் ஒத்து ஒலிப்பதில்லை. தமிழ்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நோயாளியிடம் பேசும்போது ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் கைவிட்டுக் ‘குறை’, ‘மிகை’ என்றோ, மக்கள் தாமாகவே ஆக்கிக்கொண்ட ‘லோ’, ‘ஹை’ என்றோ சொல்வது பாதுகாப்பானது என்பதற்காகச் சொல்கிறேன். லோ பிபி, ஹை பிபி என்று சொல்லும் ஊர்க்காரரைப் பார்த்துப் புன்னகைக்கும் நாம், ஹைப்போடென்ஷன்–ஹைப்பர்டென்ஷன் என்று படைத்தவர்களைவிட அவர் ஒலியியலில் தேர்ந்தவர் என்பதைக் கவனிப்பதில்லை.

இப்போது சண்டை. ‘மீ’ என்னும் அழகிய பழஞ்சொல்லை என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? ஹைப்பர்டெக்ஸ்ட் மீயுரை. சூப்பர்கம்ப்யூட்டர் மீக்கணினி. அல்ட்ராசானிக் மீயொலி. மெட்டாலாங்குவேஜ் மீமொழி. மெட்டாடேட்டா மீதரவு. நான்கு முன்னொட்டுகள், நான்கு வேறு உறவுகள். எல்லாவற்றுக்கும் ஒரே ‘மீ’. டெட் நெல்சன் 1965இல் ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயரிட்டபோது எண்ணியது நேர்கோட்டு வாசிப்பைக் கடந்து கிளைக்கும் உரையை. மெட்டாலாங்குவேஜ் என்பதோ மொழியைப் பற்றிப் பேசும் மொழி. அங்கே ‘மேல்’ என்பதைவிடப் ‘பற்றிய’ என்பதே கருத்து. மீயொலி என்றதும் மாணவருக்கு நினைவுக்கு வர வேண்டியது 20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணா, ஒலியை விஞ்சிய வேகமா? எதற்கு மேலே என்ற கேள்விக்கு இடமில்லாமல் செய்துவிட்டது ஒற்றை ‘மீ’. பயிற்சி மையப் பட்டியல் ஒரு முன்னொட்டுக்கு ஒரு பொருள் என்று செய்த பிழையை நீங்கள் தலைகீழாக்கிப் பல முன்னொட்டுகளுக்கு ஓர் ஒட்டு என்று செய்திருக்கிறீர்கள். தோலடி என்று சொன்ன கைகளா இவை?

பயன்பாடு பற்றி இரண்டு சொற்கள், எழுதும் மாணவர்களுக்கு. ஹைப்போ என்பது இன்மை அன்று. ஹைப்பாக்சியா என்றால் ஆக்சிஜன் போதாமை. அறவே இல்லாமை அனாக்சியா. ஆய்வேட்டில் இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் வேறு சோதனையை விவரிப்பதாகிவிடும். சோப்பு உறையில் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று கண்டால் ஒவ்வாமை வரவே வராது என்று பொருளன்று. வரும் வாய்ப்பு குறைவு என்று விற்பவர் சொல்கிறார், அவ்வளவுதான். ஹைப்பருக்கு எதிர்ச்சொல் எப்போதும் ஹைப்போவும் அன்று. கூம்பு வெட்டுகளில் ஹைப்பர்போலாவுக்கு எதிராக நிற்பது எல்லிப்ஸ். கிரேக்கத்தில் அது ‘குறைபாடு’ என்னும் வேறொரு சொல்.

வகுப்பு நடந்த இரண்டு நாள்களுக்குப் பின் வளாகத்துக்கு வெளியே இருக்கும் தேநீர்க் கடையில் அந்த மாணவரைப் பார்த்தேன். எனக்கு ஒடியா தெரியாது. என் இந்தி கேட்பவரைச் சோதிக்கும் இந்தி. இருந்தாலும் ஒரு காகிதத்தில் ‘ஹைப்பர்’ என்றும் ‘ஊப்பர்’ என்றும் அடுத்தடுத்து எழுதிக் காட்டினேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, தாமாகவே கீழே ‘ஹைப்போ – உப’ என்று எழுதினார். பிறகு கேட்டார்: “அப்படியானால் ஹைஃபன்?”

எனக்குத் தெரியவில்லை, அறைக்கு வந்துதான் பார்த்தேன். அதுவும் ஹைப்போதான். ‘ஒன்றின் அடியில்’, அதாவது இரு சொற்களையும் ஒன்றாக்க அடியில் இடப்பட்ட குறி. அந்த இரண்டு பக்கத் தாளில் முன்னொட்டுகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு ஹைஃபன் அச்சாகியிருந்தது. எங்களில் எவரும் அதைக் கேட்டதில்லை.

வரும் பருவத்திலும் அதே தாள்தான் படியெடுக்கப்படும் என்று தெரிகிறது. மாற்றுத்தாள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முன்னொட்டுக்கும் நேரே பொருளுக்குப் பதிலாக ஒரு கேள்வி இருக்கும். ஒடியா, தெலுங்கு, வங்காளம், மலையாளம் தெரிந்த நண்பர்கள் தத்தம் மொழியில் ‘உப’, ‘உபரி’ வழிவந்த அன்றாடச் சொற்களைப் பின்னூட்டத்தில் தந்தால் சேர்த்துக்கொள்வேன்.